மலையின் இரண்டு பக்கமும் தோண்டினால் நடுவில் சந்திப்பார்களா?

நடுவில் ஒரு மலை. அந்தப் பக்கம் ஊற்று, இந்தப் பக்கம் ஊர். மலையைச் சுற்றிக் கால்வாய் வெட்டலாம்தான், ஆனால் எதிரி வந்து ஊரை வளைத்தால் முதல் வேலையாக அதைத்தான் உடைப்பான். ஆகவே மலையைக் குடைந்தே தண்ணீரைக் கொண்டுவருவது என்று முடிவாகிறது. ஒரே பக்கத்திலிருந்து குடைந்தால் காலம் இழுக்கும், ஏனென்றால் ஆள் உயரச் சுரங்கத்தின் முனையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் நின்று உளி பிடிக்க முடியும், வெளியே ஆயிரம் பேர் சும்மா நின்றாலும் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தொடங்கினால் பாதி காலத்தில் முடியும். அப்புறம்தான் தலைவலி ஆரம்பிக்கிறது. இரண்டு கோஷ்டியும் நடுவில் சந்திக்கும் என்று யார் சொன்னது?

பழைய நாகரிகங்களின் பொறியியல் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் பிரமிடுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் பிரமிடு மேல் மரியாதை உண்டு. ஆனால் பிரமிடில் தப்பு நடந்தால் கட்டும்போதே கண்ணுக்குத் தெரியும். எகிப்தில் தஷூரில் ஸ்நெஃப்ரு மன்னன் கட்டிய பிரமிடு பாதி உயரம் போனதும் சாய்வைக் குறைத்துக்கொண்டு, முதுகு கூன் விழுந்த மாதிரி இன்றும் நிற்கிறது. பிரச்சினை என்று தெரிந்ததும் மேலே கோணத்தை மாற்றிக்கொண்டார்கள், முடிந்தது கதை. மலைக்குள் அந்தச் சலுகை கிடையாது. கடைசிக் கல் பெயரும்வரை நீங்கள் சரியா தப்பா என்று தெரியாது. நான் சில காலம் சர்வே வேலை பார்த்தவன், மட்டம் பார்க்கும் லெவல் கருவியும் ஸ்டாஃப் என்ற அளவுக் கம்பும் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவன், அதனாலோ என்னவோ இந்தக் கதைகள்தான் என்னைத் தூங்கவிடாமல் படிக்க வைக்கின்றன.

முதலில் சாமோஸ். துருக்கிக் கரையை ஒட்டியிருக்கும் கிரேக்கத் தீவு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மெகாரா ஊர்க்காரர் யூபலினோஸ் என்பவர் அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்தார். நீளம் 1036 மீட்டர். அகலமும் உயரமும் தோராயமாக 1.8 மீட்டர். கருவி என்று பார்த்தால் சுத்தியலும் உளியும்தான். பத்து ஆண்டு பக்கம் ஆகியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் போடும் கணக்கு. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சாமோஸ்காரர்களைப் பற்றி ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று தானே கேட்டுக்கொண்டு, கிரேக்க உலகின் மூன்று பெரிய கட்டுமானங்கள் அவர்களிடம் இருப்பதால் என்கிறார். அதில் முதலாவதாகச் சொல்வது இந்தச் சுரங்கத்தை. அவர் பெயர் எழுதி வைத்ததால்தான் யூபலினோஸ் என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கோஷ்டி பாதி தூரம், அதாவது 518 மீட்டர் தோண்ட வேண்டும். ஆரம்பத்தில் திசை ஒரே ஒரு டிகிரி தப்பினால், அந்தத் தூரம் போவதற்குள் ஏறக்குறைய 9 மீட்டர் விலகிப் போயிருப்பீர்கள். எதிர்க் கோஷ்டியும் எதிர்த் திசையில் அதே அளவு தப்பினால் 18 மீட்டர். சுரங்கத்தின் அகலமோ ஆள் கையை விரித்த அளவு. பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் இதே கதைதான். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் கடந்து போய்விடலாம், இருவருக்கும் தெரியாமலே.

மட்டம் பிடிப்பது இதில் ஓரளவு சுலபமான பாதி. நம் கொத்தனார்கள் இன்றும் செய்வதுதான்: ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறு முனையை அந்தத் தூணிலும் பிடித்து, நீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டால் இரண்டும் ஒரே மட்டம். நடுவில் சுவர் இருந்தாலும் கவலையில்லை. ரோமானியர்கள் காலத்துக்கு வந்தால் கொரோபேட்ஸ் என்றொரு கருவியை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விவரிக்கிறார். 20 அடி நீளப் பலகை, இரு முனையிலும் கால், கால்களில் தூக்குக்குண்டு. காற்று அடித்துக் குண்டு ஆடினால் பலகையின் மேல் வெட்டியிருக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான், தண்ணீர் பொய் சொல்லாது. மலையைச் சுற்றிப் படிப்படியாக மட்டத்தைக் கடத்திக்கொண்டே போனால் இரு வாய்களையும் ஒரே உயரத்தில் வைத்துவிடலாம்.

திசைதான் சிக்கல். இதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, மலையின் மேலேயே ஏறிக் கம்பங்களை வரிசையாக நட்டு, நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டை அந்தப் பக்கம் இறக்குவது. இன்னொன்று, மலை அடிவாரத்தைச் சுற்றிச் செங்கோணம் செங்கோணமாகத் திரும்பித் திரும்பி அளந்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு முக்கோணம் வரைந்து திசை கண்டுபிடிப்பது. இரண்டாவது முறையை அலெக்சாண்ட்ரியாவின் கணித அறிஞர் ஹெரோன் விளக்கமாக எழுதியிருக்கிறார், ஆனால் அவர் யூபலினோஸுக்கு அறுநூறு வருஷம் பிந்தியவர். வடிவியல் படித்தவர்களுக்கு இந்த முக்கோணக் கதை ரொம்பப் பிடிக்கும். மலையடிவாரத்துக் கரடுமுரடில் செங்கோணம் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு பிடிக்காது, ஒவ்வொரு திருப்பத்திலும் பிழை சேர்ந்துகொண்டே போகும். என் ஓட்டு மலை மேல் நட்ட கம்பங்களுக்குத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல சர்வேயர் யாரும் செய்யக்கூடியது. யூபலினோஸ் செய்த வேறு மூன்று காரியங்களுக்காகத்தான் இந்தப் பதிவே.

முதல் காரியம், சுரங்கத்தின் தரையை அவர் கிட்டத்தட்ட சமமட்டமாகவே வைத்தார். தண்ணீர் ஓட வாட்டம், அதாவது சரிவு, வேண்டாமா? வேண்டும். அதற்குச் சுரங்கத் தரையின் ஓரமாகத் தனியாக ஒரு பள்ளம் வெட்டினார். வடக்கு முனையில் சுமார் 4 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் அது, தெற்கு முனைக்கு வரும்போது இரண்டு மடங்குக்கும் மேல் ஆழமாகிறது. அதன் அடியில் சுட்ட மண் குழாய்கள். பார்ப்பவர்களுக்கு இரட்டை வேலை மாதிரி தோன்றும். ஆனால் யோசியுங்கள், சந்திப்பது ஒரு பிரச்சினை, வாட்டம் இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒரே நேரத்தில் இருட்டுக்குள் தீர்க்க முயன்றால் எதில் தப்பு என்றே தெரியாது. முதலில் ஓட்டை போடு, இரண்டு பக்கமும் ஒன்றாகட்டும், அதற்கப்புறம் வெளிச்சத்தோடு மட்டம் பார்த்து வாட்டம் வைத்துக்கொள்ளலாம். அவர் மனசில் இப்படித்தான் ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது காரியம், வழி மாறியது. வடக்கிலிருந்து வந்த கோஷ்டி முன்னூறு மீட்டர் நெருங்குவதற்குள் உதிரும் பாறையிலும் சேற்றிலும் மாட்டிக்கொண்டது. நேராகப் போனால் கூரை தலையில் விழும். நேர்கோட்டை விட்டு மேற்கே ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. வெளியே சுற்றிக்கொண்டு போவது பெரிய விஷயமில்லை, எங்கே இருக்கிறோம் என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். விளக்கு வெளிச்சத்தில், இடுக்கில், எவ்வளவு ஒதுங்கினோம், இனி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு போவது வேறு ரகம். சுவரில் சிவப்பு வண்ணத்தில் போட்ட அளவுக் குறிகளும் மட்டக்கோடும் இன்னும் இருக்கின்றன. எண்களாகப் பயன்பட்ட கிரேக்க எழுத்துகள் அவை, 20.6 மீட்டருக்கு ஒன்று. திட்டமிட்ட நீளத்தை 50 பங்காகப் பிரித்தால் வரும் அளவு அது. சுற்றிப் போனதால் கூடிய நீளத்துக்குத் தனிக் குறிகள்கூட உண்டு. ஹெர்மன் கீனாஸ்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தக் குறிகளை ஒவ்வொன்றாக அளந்து, அந்த மனிதரின் நோட்டுப்புத்தகத்தையே படித்த மாதிரி மொத்தத்தையும் மீட்டெடுத்திருக்கிறார்.

மூன்றாவது காரியம்தான் உச்சம். எதிரெதிரே வரும் இரண்டு நேர்கோடுகள் இணையாக விலகியிருந்தால் எவ்வளவு தோண்டினாலும் சந்திக்காது. ஆனால் சந்திக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றை வலது பக்கமும் மற்றதை இடது பக்கமும் வேண்டுமென்றே திருப்பினால்? ஒன்றின் பாதையில் மற்றது குறுக்கே வந்து விழுந்தே தீரும். அதையேதான் செய்தார். உயரத்துக்கும் அதே எச்சரிக்கை: வடக்குச் சுரங்கத்தின் கூரையை 2.5 மீட்டர் உயர்த்தினார், தெற்குச் சுரங்கத்தின் தரையை 0.6 மீட்டர் தாழ்த்தினார். கூரையை அவ்வளவு தூரம் உயர்த்தியிருக்கவே தேவையில்லை, மட்டம் ஏற்கெனவே நன்றாகத்தான் வந்திருந்தது.

இங்கே பலர் எழுதுவதைப் பார்க்கிறேன், “இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் துல்லியமாகச் சந்தித்தார்கள், என்ன ஒரு துல்லியம்” என்று. எனக்கு அது பாராட்டாகவே படவில்லை. தன் கணக்கு தப்பக்கூடும் என்று தெரிந்து, எவ்வளவு தப்பலாம் என்று மதிப்பிட்டு, அந்தத் தப்பையும் சேர்த்து வரைபடம் போட்ட ஆள் அவர். நடுவில் கோணலாக இருக்கும் அந்த வளைவு அவர் பிழை அல்ல, அவர் திறமை. இதைப் படிக்கும்போது எனக்குப் பழைய சைட் ஒன்று ஞாபகத்துக்கு வரும். பாதாளச் சாக்கடைக் குழாயை இரண்டு கோஷ்டி இரண்டு பக்கமிருந்தும் பதித்து வந்து, நடுவில் பார்த்தால் அரையடி ஏற்ற இறக்கம். காண்ட்ராக்டர் அசரவே இல்லை. “அங்க ஒரு மேன்ஹோல் கட்டிருங்க” என்றார். கட்டினார்கள். வரைபடத்தில் இல்லாத அந்த மேன்ஹோல் இன்னும் அங்கேதான் இருக்கும். யூபலினோஸுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம், முன்னவர் மேன்ஹோலை முதலிலேயே திட்டத்தில் வைத்திருந்தார்.

சாமோஸ் தண்ணீர் ஆயிரம் வருஷம் போல ஓடியது. பிறகு மண் அடைத்து, மக்கள் மறந்து, 19ஆம் நூற்றாண்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

சாமோஸுக்கும் முந்தியது எருசலேம். பைபிள் படித்தவர்களுக்கு எசேக்கியா ராஜா தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்த கதை தெரிந்திருக்கும். அசீரியாவின் ராஜா சனகெரிப் படையெடுத்து வந்த காலம், கி.மு. 701. ஊருக்கு வெளியே கீகோன் ஊற்று, ஊருக்குள்ளே சீலோவாம் குளம். இரண்டுக்கும் நேர்த்தூரம் 320 மீட்டர் பக்கம்தான், ஆனால் சுரங்கம் பாம்பு மாதிரி நெளிந்து 533 மீட்டர் போகிறது. ஏன் நெளிந்தது என்பதில் இன்றும் அடிதடி. பாறையில் இயற்கையாக இருந்த வெடிப்பைப் பின்பற்றினார்கள் என்கிறது ஒரு தரப்பு, மலைக்கு மேலிருந்து சுத்தியலால் தட்டி ஒலியை வைத்து வழிகாட்டினார்கள் என்கிறது மறு தரப்பு. இவ்வளவு நெளிவு இருந்தும் இரண்டு முனைக்கும் மட்ட வித்தியாசம் 30 சென்டிமீட்டர் அளவே. தெற்குப் பக்கம் கூரை 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுரங்கம் ஒன்றான பிறகு தண்ணீர் வருவதற்காகத் தரையை வெட்டி வெட்டி இறக்கிய வேலை அது. இங்கேயும் முதலில் சந்திப்பு, அப்புறம் வாட்டம்.

1880ல் அந்தச் சுரங்கத்தின் சுவரில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்றைச் சிறுவர்கள் பார்த்தார்கள். இப்போது அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில். அதில் ராஜா பெயர் கிடையாது, கடவுள் பெயர் கிடையாது. இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது ஒருவன் மறுபக்கத்துக்காரனைக் கூப்பிடும் குரல் கேட்டது, துளை விழுந்த நாளில் பாறையை வெட்டியவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர், கோடாலிக்கு எதிரே கோடாலியாக வெட்டினார்கள், தண்ணீர் 1200 முழம் ஓடியது, தலைக்கு மேல் பாறை 100 முழம் இருந்தது. அவ்வளவே. அந்தக் குரலை எவன் கொடுத்தான், என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்றெல்லாம் இல்லை. சந்திப்பு இடத்துக்குப் பக்கத்தில் அங்கங்கே கொஞ்சம் தோண்டிக் கைவிட்ட பொந்துகள் தெரிகின்றன. சத்தம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தேடியிருக்கிறார்கள்.

இவ்வளவு கஷ்டப்படாமல் செய்யவும் வழி உண்டு. கனாத்து எனப்படும் பாரசீக நிலத்தடிக் கால்வாய்களில் தரையிலிருந்து வரிசையாகச் செங்குத்துக் குழிகள் இறக்கி, குழிக்குக் குழி இணைத்துக்கொண்டே போவார்கள். மண் அள்ள வழி, காற்று வர வழி, தப்பினாலும் அடுத்த குழிக்குள் சரிசெய்துவிடலாம். சாமோஸில் தலைக்கு மேல் 170 மீட்டர் பாறை, குழி இறக்குவது நடக்கிற காரியமில்லை. இத்தாலியில் கிளாடியஸ் பேரரசர் ஃபுசினோ ஏரியை வடிக்க 5.6 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டியபோது இப்படிக் குழிகள் இறக்கித்தான் செய்தார்கள். 30,000 பேர், 11 ஆண்டுகள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் சுவெடோனியஸ். ஆனால் மட்டத்தில் கோட்டை விட்டார்கள். கி.பி. 52ல் ஏரியில் 19,000 பேரை வைத்து விளையாட்டுக் கடற்போர் நடத்தி, கூட்டத்தைச் சேர்த்து, மதகைத் திறந்தால் தண்ணீர் சரியாக வடியவில்லை, வாய்க்காலைப் போதிய ஆழம் வெட்டவில்லை. மறுபடி ஆழப்படுத்தி மறுபடி விழா. இந்த முறை தண்ணீர் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்திலேயே விருந்துப் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளம் பாய்ந்து வந்து பக்கத்தில் இருந்ததை அடித்துக்கொண்டு போனது. ராணி அக்ரிப்பினா, வேலையை மேற்பார்த்த நார்சிசஸ் காசடித்துவிட்டான் என்று குற்றம் சாட்ட, அவன் பதிலுக்கு அவளுடைய திமிரைப் பேசினான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி இருக்கிறதா என்று தெரியவில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தவர். நோனியஸ் டாடுஸ். ரோமின் மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவில் மட்டம் பார்க்கும் சர்வேயர். இன்றைய அல்ஜீரியாவின் பெஜாயா அன்று சால்டே என்ற ரோமானிய நகரம். 21 கிலோமீட்டர் தண்ணீர்ப் பாதைக்கு கி.பி. 137 வாக்கில் இவர் திட்டம் போட்டுக் கொடுத்தார். அதில் 428 மீட்டர் நீளத்துக்கு ஒரு மலைச்சுரங்கம். திட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தன் முகாமுக்குத் திரும்பிவிட்டார். வருஷங்கள் கழித்து அந்த மாகாண ஆளுநர் வேரியஸ் கிளெமென்ஸிடமிருந்து அவருடைய மேலதிகாரிக்குக் கடிதம் வருகிறது, அந்த ஆளை மறுபடி அனுப்பி வையுங்கள் என்று.

போகிற வழியில் கொள்ளையர். உடைகளைப் பறிகொடுத்து, காயத்தோடு, கூட வந்தவர்களுடன் தப்பித்துச் சால்டே போய்ச் சேர்கிறார். ஆளுநர் நேராக மலைக்கு அழைத்துப் போகிறார். அங்கே எல்லாரும் அழாத குறையாக நிற்கிறார்கள், சுரங்கத்தையே கைவிட்டுவிடலாம் என்ற நிலைமை. காரணம் இதுதான்: இரண்டு பக்கமும் தோண்டிய நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தைவிட அதிகம் வருகிறது!

என்ன நடந்தது என்று அவரே எழுதுகிறார். மேல் பக்கத்துக் கோஷ்டி தன் வலது புறம், தெற்கே விலகியிருக்கிறது. கீழ்ப் பக்கத்துக் கோஷ்டியும் தன் வலது புறம், வடக்கே விலகியிருக்கிறது. எதிரெதிரே நடந்து வரும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட இருவரும் தங்கள் வலப்பக்கம் ஒதுங்கினால் இடிக்காமல் கடந்து போவார்கள் அல்லவா, அதேதான். மலைக்கு மேலே கிழக்கு மேற்காகக் கம்பம் நட்டு அவர் போட்ட நேர்கோடு அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவர்கள்தான் அதை விட்டுவிட்டார்கள். அவர் செய்தது, வேலையைப் பங்கு பிரித்து யாருக்கு எவ்வளவு தோண்டல் என்று நிர்ணயித்து, கடற்படை வீரர்களுக்கும் மலைப்படை வீரர்களுக்கும் போட்டி வைத்ததுதான். சுரங்கம் ஒன்றானது. 152ஐ ஒட்டித் தண்ணீர் வந்தது, கிளெமென்ஸ் திறந்து வைத்தார்.

பிறகு நோனியஸ் டாடுஸ் ஒரு அறுகோணக் கல் நட்டார். மேலே மூன்று பெண் தலைகள், கீழே பெயர்கள்: பொறுமை, வீரம், நம்பிக்கை. அதற்குக் கீழே அதிகாரிகளின் கடிதங்களை அப்படியே பிரதியெடுத்து, கொள்ளையர் கதை, வலப்பக்கக் கதை எல்லாவற்றையும் வெட்டி வைத்தார். அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு அந்தக் கல் பார்த்ததும் புரியும். ஃபைலில் நகல் வைத்துக்கொண்டவன் பிழைத்தான். திட்டம் என்னுடையது, கோடு சரியாகத்தான் இருந்தது, கடிதம் இதோ. கல்லில் எழுதிவிட்டால் யாராலும் கிழிக்க முடியாது.

இப்போதெல்லாம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலடிச் சுரங்கத்தில் 1990 டிசம்பர் 1 அன்று இரு கோஷ்டியும் கைகுலுக்கியபோது பக்கவாட்டில் 358 மில்லிமீட்டர், உயரத்தில் 58 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. செயற்கைக்கோளும் லேசரும் கையில் இருந்தும். சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் கோத்தார்டு சுரங்கம் 2010ல் ஒன்றானபோது 8 சென்டிமீட்டரும் 1 சென்டிமீட்டரும். இங்கேயும் திசைதான் அதிகம் தப்பியிருக்கிறது, மட்டம் குறைவாக. யூபலினோஸ் காலத்து நிலவரம் மாறவே இல்லை.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு எருசலேம், சாமோஸ் இரண்டுமே திறந்துதான் இருக்கின்றன. எருசலேமில் தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும், சில இடத்தில் முழங்காலுக்கு மேல் வரும், டார்ச் கொண்டு போங்கள், மாற்றுத் துணியும். சாமோஸில் நனைய வேண்டியதில்லை, ஹெல்மெட் கொடுப்பார்கள், ஆனால் உள்ளே நுழையும் ஆரம்பப் பகுதி ரொம்ப இடுக்கு, ஒருக்களித்துத்தான் போக முடியும். இடுக்கு என்றாலே மூச்சு முட்டுபவர்கள் வெளியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.